அர்ஜுனனின் உப்புத் தொட்டி

மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையை இருபத்தேழு நாள், ஒரு துண்டு சலவைச் சோப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, நான் ஒருத்தியே ஓட்டினேன்.

சரி, ஒருத்தியே இல்லை. இருபத்தேழு என்பதும் கொஞ்சம் நீண்டுவிட்டது. பேரப்பிள்ளைகளிடம் சொல்லும்போது அது நாற்பதாகிவிடும். எழுத்தில் வருகிறதே என்று இங்கே குறைத்திருக்கிறேன். ஆனால் சோப்பு உண்மை. சோப்பை என்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

இதை எழுதும்போது பாஞ்சாலை என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் புருஷனைப் பற்றிய கதை என்பதால் ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். இதுவரை வாயைத் திறக்கவில்லை. அவள் புருஷன் அர்ஜுனன் வாசலில் நிற்கிறான். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தான். நான் பேனாவுக்கு மூடி கழற்றுவதற்குள் எழுந்துவிட்டான். இன்றைக்கு அவனுக்கு ஓய்வுநாள். அதனால் என்ன, இன்னும் கால் மணி நேரத்தில் தொழிற்சாலைப் பக்கம் ஒரு நடை போய் வருவான்.

பதினோரு வருடமாக அவன் இப்படித்தான். சாப்பிடுவது நின்றுகொண்டு. கோயிலில் பூசை நடக்கும்போது கண்ணை மூடமாட்டான், காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பான். தாப்பாவில் மச்சான் கல்யாணத்துக்குப் போனவன், தாலி கட்டி முடிந்ததும் லோரி பிடித்து மலையேறி வந்துவிட்டான். பாய்லர் சத்தம் அங்கே கேட்கவில்லையாம். நாற்பது மைல் தள்ளி எப்படிக் கேட்கும் என்று கேட்டால், அதுதான் பயமாக இருந்தது என்றான்.

முன்பு அவன் அப்படி இல்லை. ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் எஸ்டேட்டின் தமிழ்ப்பள்ளியில் நான் டீச்சராக இருந்தேன். பள்ளிக்கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் பாய்லர் வீட்டின் வாசல் தெரியும். அர்ஜுனன் அப்போது விறகு போடுகிறவன். உலையில் நான்கு கட்டையைத் தள்ளிவிட்டு, சுவரில் சாய்ந்து கால் நீட்டி, பீடியை வாயில் வைத்தபடி பாதிக் கண் மூடிக்கொள்வான். பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் பெரிய ஆள் சிவசாமி. கொழுந்தை வாட்டுவதற்கும் அரைத்த தூளைக் காயவைப்பதற்கும் வேண்டிய சூடெல்லாம் அந்தப் பாய்லரின் நீராவியிலிருந்துதான் வரும். அது நின்றால் மலையெல்லாம் கிள்ளிய கொழுந்து கூடையிலேயே அழுகும்.

எழுபத்தெட்டு ஆகஸ்டில், பிற்பகல் மூன்று மணிக்கு, பாய்லருக்குள் ஒரு குழாய் வெடித்தது. நான் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகை சுவரிலிருந்து பிய்ந்து என் மேல் விழுந்தது என்று சொல்வது வழக்கம். உண்மையில் சாக்பீஸ் விழுந்தது. வெளியே ஓடிப் பார்த்தால், வாசல் முழுக்க வெள்ளைப் புகை. சிவசாமியைத் தூக்கி வந்தார்கள். இடக்கை முழுக்க வெந்திருந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கிள்ளானில் மகன் வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

விசாரணை வந்தது. பாய்லரில் தண்ணீர் குறைந்ததை அர்ஜுனன் கவனிக்காமல் தூங்கியிருப்பான் என்று தலைமைக் கணக்கரான பெரிய கிராணி தங்கராஜு எழுதிக் கொடுத்தார். தொழிற்சாலை அலுவலகம் முழுக்க அவர் கையில். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பாதிக்கு மேல் நின்றது, நான் பார்த்தேன் என்று அர்ஜுனன் நூறு தடவை சொன்னான். பாதிக் கண் மூடி உட்கார்ந்திருந்தவன் சொல்வதை யார் கேட்பது?

வேறு ஆள் கிடைக்காததால் எஸ்டேட்டை நிர்வகித்த துரை அவனையே பாய்லரில் வைத்தார், தற்காலிகமாக. இன்னொரு குழாய் போனால் நீயும் போகலாம் என்றார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். வீட்டில் பாஞ்சாலை, மூன்று பிள்ளைகள், நடக்க முடியாத அவன் அம்மா. அன்றிலிருந்துதான் அவன் உட்காரவில்லை.

வெடித்த குழாயை அறுத்து மாற்றியபோது அதில் ஒரு சாண் துண்டை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனான். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். பாஞ்சாலை அதை எடுத்து வெளியே வைப்பாள், அவன் மறுபடி உள்ளே கொண்டுவந்து வைப்பான். ஒருநாள் அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். குழாயின் உட்பக்கம் முழுக்க வெள்ளையாக, விரல் கனத்துக்கு, ஒரு பொருக்கு. நகத்தால் சுரண்டினேன். அசையவில்லை.

"நம்ம வெந்நிப் பானையில ஒட்டுதே, அதேதான் டீச்சர்," என்றாள். "ஒரு வருசமா இந்தப் பைப்புத் தண்ணி சரியில்ல. சோப்பு நுரைக்கமாட்டேங்குது. துணியெல்லாம் சாம்பல் பூத்துக் கெடக்கு. பருப்பு வேகறதுக்குள்ள பிள்ளைங்க தூங்கிடுது."

"இதை விசாரணையில் சொன்னாயா?"

"என்னைய யாரு கேட்டா?"

எனக்குப் பொறி தட்டியது. ஈப்போவில் படித்தவள் நான். அங்கே மலையே சுண்ணாம்பு. கிணற்றுத் தண்ணீரில் தலைமுடி அலசினால் தேங்காய் நார். ஆனால் கேமரன் மலைத் தண்ணீர் அப்படிக் கிடையாது. பாறையிலிருந்து நேராக வருகிற தண்ணீர், மழைநீர் மாதிரி இளசாக இருக்கும். அதில் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது?

சனிக்கிழமை ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். புலி ஒன்று வழிமறித்தது என்பேன் வழக்கமாக. இப்போது வேண்டாம், பாஞ்சாலை பார்க்கிறாள். ஒரு மைல் ஏறியதும் புதிதாக வெட்டிய காய்கறித் தோட்டங்கள் வந்தன. மலைமண்ணில் புளிப்பு அதிகம். சுண்ணாம்புத் தூள் போடாமல் கீரை தலை தூக்காது. படிப்படியாக வெட்டிய சரிவு முழுக்க மாவு தூவியது போல வெள்ளை. ஓடைக்கரையில் சாக்குகள் அடுக்கியிருந்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, அவர்கள் பிழைப்பு அது. ஆனால் அந்தச் சுண்ணாம்பு கரைந்து, எங்கள் தொட்டிக்கு வந்து, பாய்லருக்குள் போய், தண்ணீர் ஆவியானதும் குழாயின் உட்புறத்தில் படிந்துகொண்டே இருந்திருக்கிறது. பொருக்கு கனத்தால் சூடு தண்ணீருக்குப் போகாது. இரும்பே சூட்டை வாங்கிக்கொண்டு சிவக்கும். சிவந்த இரும்பு உள்ளிருக்கும் அழுத்தத்தைத் தாங்காது. கண்ணாடியில் தண்ணீர் பாதிக்கு மேல் நின்றாலும் குழாய் வெடிக்கும்.

துரைக்கு ஆங்கிலத்தில் ஏழு பக்கக் கடிதம் எழுதினேன். சரி, ஒன்றரைப் பக்கம். குழாய்த் துண்டையும் கூடவே அனுப்பினோம். அர்ஜுனன் அதைத் தர மனமில்லாமல் அலுவலக வாசல்வரை கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தான்.

அடுத்த வருடம் மார்ச்சில் ஈப்போவிலிருந்து லோரியில் அந்தக் கருவி வந்து இறங்கியது. தண்ணீரை மென்மையாக்கும் கருவி என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எஸ்டேட்டில் எல்லாருக்கும் அது உப்புத் தொட்டி. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை, பக்கத்தில் உப்பு கரைக்க ஒரு தொட்டி, நடுவே நாலைந்து வால்வு. பொருத்த வந்தவர் இராமையா என்ற தமிழர். அவருக்கு ஒரே சிரிப்பு. ஈப்போவில் ஓட்டல்களுக்கும், ஆஸ்பத்திரிச் சலவைக்கும், சாயப் பட்டறைக்கும், பாய்லர் வைத்த ஆலைகளுக்கும் இதைப் பொருத்தியிருக்கிறாராம். மலைத்தண்ணீருக்குப் பொருத்துவது இதுதான் முதல் தடவையாம். அர்ஜுனன் சிரிக்கவில்லை. உருளையின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தான். ஜவ்வரிசியைத் தேநீரில் ஊறவைத்தது போல, மஞ்சள் மஞ்சளாகச் சின்ன மணிகள்.

"இதுவா என் வீட்டைக் காப்பாத்தப் போவுது?" என்று கேட்டான்.

இராமையா சொன்னதை நான் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இப்படிச் சொன்னேன். ஒவ்வொரு மணியும் ஒரு கொழுந்து கிள்ளும் பெண். தண்ணீர் அவளைக் கடந்து போகும்போது அதிலிருக்கும் சுண்ணாம்பைக் கிள்ளித் தன் கூடையில் போட்டுக்கொள்வாள். பதிலுக்குத் தன்னிடமிருக்கும் உப்பில் துளியைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடுவாள். அந்த உப்பு குழாயில் படியாது. கூடை நிறைந்துவிட்டால் அவளால் மேலே கிள்ள முடியாது. எடை போடும் நிறுவைக்குப் போய்க் கொட்டிவிட்டுத்தானே வரவேண்டும்? அந்த நிறுவைதான் கெட்டியான உப்புத் தண்ணீர். அதை உருளைக்குள் விட்டால் மணிகள் சுண்ணாம்பை உதறிவிட்டு மறுபடி உப்பை ஏற்றிக்கொள்ளும். பிறகு நல்ல தண்ணீரால் அலசி, அழுக்கைச் சாக்கடையில் விட்டுவிட்டால், திரும்பவும் வேலைக்குத் தயார். மூன்று நாளுக்கு ஒரு தடவை இந்தக் கழுவல். அதற்கு வேண்டியது கல்லுப்பு, அவ்வளவுதான்.

மணிகள் எப்போது களைத்தன என்று தெரிய ஒரு சோதனையும் உண்டு. வெளியே வருகிற தண்ணீரைச் சின்னப் புட்டியில் பிடித்து, சோப்புக் கரைசலில் பத்துச் சொட்டு விட்டு, ஆட்ட வேண்டும். நுரை கட்டி நின்றால் தண்ணீர் இளசு. நுரை வராமல் தயிர் திரிந்தது போலத் திரிந்தால் சுண்ணாம்பு வந்துவிட்டது, கழுவு. யாராவது படித்தவர் தினமும் பார்த்துப் பலகையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். பள்ளி மணி அடிப்பதற்கு முன் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இராமையா கொடுத்த கரைசல் தீர்ந்ததும் கட்டிச் சோப்பைச் சீவி, மழைநீரில் கரைத்து, நானே செய்தேன். என் கையெழுத்து இரண்டே முக்கால் வருடம் அந்தப் பலகையில் ஒருநாள் தவறாமல் நின்றது.

அந்த இரண்டே முக்கால் வருடமும் அர்ஜுனன் என் தோளுக்குப் பின்னால் நின்று நுரையைப் பார்ப்பான். பார்த்துவிட்டு வால்வைத் தொடுவான். வால்வைத் தொட்டுவிட்டு உருளையைச் சுற்றுவான். தங்கராஜு கிராணி அலுவலக ஜன்னலிலிருந்து, தேர் நிலைக்கு வந்துவிட்டதா, இன்னும் சுற்று பாக்கி இருக்கிறதா என்று கேட்பார். அர்ஜுனன் அடுத்த சுற்றைத் தொடங்குவான். கொல்லன் பட்டறைக்குப் பழைய இரும்பு எடுக்க யாராவது போனால்கூட, பாய்லர் பக்கம் என்ன சத்தம் என்று ஓடி வருவான்.

எண்பத்தொன்று டிசம்பரில் மூன்று நாள் மழை கொட்டியது. மூன்றாம் நாள் தாப்பா சாலையில் மலையே இறங்கிவிட்டது. அப்போது எங்களுக்கு வேறு வழி கிடையாது. அதோடு தன் வேலை முடிந்தது என்பது போல மழை நின்று, வெறும் பனிமூட்டமும் குளிரும்தான். கூரையில் சொட்டுகிற தண்ணீரைப் பிடித்தாவது ஓட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தோட்டங்களில் புதிதாகப் போட்டிருந்த சுண்ணாம்பு முழுக்க ஓடையில் இறங்கியிருந்தது. ஒரு கழுவலுக்கு மூன்று நாள் தாங்கிய உருளை ஒன்றரை நாளில் களைத்தது.

சாலை அடைபட்ட மூன்றாம் நாளே கையிருப்பு உப்பு தீர்ந்தது. அர்ஜுனன் ரிங்லெட்டுக்கு ஓடினான். அங்கே கமருஸ்ஸமான் கடையில்தான் நாங்கள் உப்பு வாங்குவோம். பட்டணத்துக்கு லோரி போகாததால் தோட்டக்காரர்கள் கடுகுக்கீரையெல்லாம் அழுகிவிடுமே என்று பீப்பாய் பீப்பாயாக உப்பில் ஊறப் போட்டுவிட்டார்கள். ஊரிலிருந்த கல்லுப்பு முழுக்கக் கீரைக்குள் போய்விட்டது. தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தவர்களே உப்பையும் கொண்டுபோய்விட்டார்கள் என்று அர்ஜுனன் திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது கோபம்கூட இல்லை அவனுக்கு.

துரை கோலாலம்பூருக்குப் போனவர் கீழேயே மாட்டிக்கொண்டார். அதிகாரம் தங்கராஜு கிராணியிடம். பச்சைத் தண்ணீரை அப்படியே பாய்லருக்கு விடு, பத்துப் பதினைந்து நாளில் என்ன குடிமுழுகிவிடும் என்றார். கொழுந்து வந்துகொண்டே இருக்கிறது, பாய்லரை நிறுத்தினால் இருநூறு பேருக்கு வேலை இல்லை. அதுவும் நியாயம்தான். ஆனால் ஜனவரியில் அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து பாய்லரைத் திறந்து பார்ப்பார். உள்ளே பொருக்கு இருந்தால் கேள்வி கிராணியிடம் வராது, அர்ஜுனனிடம்தான் வரும். அதோடு, அந்தக் குழாய் வெடித்ததைப் பக்கத்தில் இருந்து கேட்டவன் அவன்.

"விடமாட்டேன் கிராணி," என்றான். அவ்வளவுதான் பேசினான்.

நான் கருவியோடு வந்த ஆங்கிலக் குறிப்பைத் தேடி எடுத்து வரி வரியாகப் படித்தேன். கடைசிப் பக்கத்தில், யாரும் திருப்பிப் பார்க்காத இடத்தில், சோடியம் குளோரைடு கிடைக்காவிட்டால் பொட்டாசியம் குளோரைடும் பயன்படும், அளவு கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்று இரண்டு வரி. அர்ஜுனன் அது எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்டான். தேயிலைச் செடிக்குப் போடுகிறோமே பொட்டாஸ், அதுதான் என்றேன். உரக் கிடங்கில் கூரை முட்ட அடுக்கியிருந்தது. தினமும் அதைக் கடந்துதான் நாங்கள் உப்பு இல்லையே என்று ஓடிக்கொண்டிருந்தோம்.

கிடங்குச் சாவி கிராணியிடம். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"செடிக்குப் போடுறத மெஷினுக்குப் போடுவியாடா? ஜனவரில இன்ஸ்பெக்டர் வந்து பாய்லர்ல கொழுந்து கிள்ளிட்டுப் போகட்டும்லா."

"குறிப்புல இருக்குன்னு டீச்சர் சொல்றாங்க கிராணி."

"டீச்சர் புலியப் பாத்தேன்னும்தான் சொன்னாங்க."

அது என்னைச் சுட்டது, ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் அவர் ஒரு தாளை நீட்டினார். கருவி கெட்டாலும் பாய்லர் கெட்டாலும் முழுப் பொறுப்பும் அர்ஜுனனுடையது, வேலையையும் வீட்டையும் விட்டுப் போகச் சம்மதம் என்று எழுதியிருந்தது. அர்ஜுனன் அதைப் படிக்கவே இல்லை. என் முகத்தை ஒரு தடவை பார்த்தான், கையெழுத்துப் போட்டான். கிராணி நான்கு மூட்டைக்குச் சாவியைக் கொடுத்தார்.

எங்கள் பொட்டாஸ் செம்மண் நிறம். அப்படியே விட்டால் மணிகளுக்குள் சேறு போய்விடும் என்று அர்ஜுனனே கண்டுகொண்டான். டிரம்மில் கரைத்து ஒரு நாள் தெளியவைத்தான். மேல்நீரை மொண்டு, பாஞ்சாலையின் பழைய சீலையை நாலாக மடித்து அதில் வடிகட்டினான். மூன்றாம் தடவை வடிந்தபோது கண்ணாடி போலத் தெளிந்தது. உருளைக்குள் விட்டான். அலசினான். நான் புட்டியில் பிடித்துச் சொட்டு விட்டு ஆட்டினேன். நுரை எழுந்து, கட்டி, நின்றது.

அதன் பிறகு தினமும் அதே. காலையில் நான் ஆட்டுவேன், நுரை நிற்கும், பலகையில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். சாக்கடையோரம் பொட்டாஸ் கழிவு போன வழியில் கத்திரிக்காய் பூசணி அளவுக்குக் காய்த்தது. இல்லை, அங்கே இருந்த புல்லும் கருகிப்போனது. நான்கு மூட்டையை நீட்டிக்க வேண்டும் என்பதால், நுரை தளர்ந்தால் மட்டும் கழுவு என்று நான் கணக்குச் சொன்னேன். அர்ஜுனன் தலையாட்டுவான். வேலை முடிந்து லைனுக்குப் போகும்போது கையில் ஒரு பால்மாவு டின்னில் உருளைத் தண்ணீர் எடுத்துப் போவான். இந்தத் துளித் தண்ணீரில் யார் குளிப்பது என்று கேட்டேன். சிரித்தானே தவிரச் சொல்லவில்லை.

எட்டாம் நாளோடு என் கட்டிச் சோப்பு தீர்ந்தது. கமருஸ்ஸமான் கடையில் அதுவும் காலி. மலையில் எதுதான் மிச்சம் இருந்தது? வீட்டில் இருந்ததைக் கரைத்துக்கொண்டு போனேன். ஒன்பதாம் நாள் நுரை புட்டியின் வாயைத் தாண்டி என் முழங்கைவரை வழிந்தது. பத்தாம் நாளும் அப்படியே. பதினோராம் நாளும் அப்படியே. பொட்டாஸ் உப்பைவிட நன்றாக வேலை செய்கிறது, இரண்டு மூன்று நாளுக்குக் கழுவவே வேண்டாம் என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

அர்ஜுனன் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் இருட்டுவதற்குள் ஒரு தடவை, பத்தாம் நாள் இரண்டு தடவை, பதினோராம் நாள் மறுபடி என்று கழுவித் தீர்த்தான். ஒரு மூட்டை பறந்துவிட்டது. கிராணி ஜன்னலிலிருந்து கத்தினார். நானும் கடிந்துகொண்டேன். நுரை இவ்வளவு நிற்கும்போது ஏன் வீணாக்குகிறாய் என்றேன்.

"சும்மா இருக்க முடியல டீச்சர்," என்றான். உருளையைச் சுற்றி ஒரு நடை போனான்.

பன்னிரண்டாம் நாள் கமருஸ்ஸமான் எங்கேயோ தேடி எனக்கு ஒரு கட்டிச் சோப்பு அனுப்பினார். நுரை பழைய அளவுக்கு இறங்கியது, ஆனால் நின்றது. பதினாறாம் நாள் சாலை திறந்தது. முதல் லோரியில் உப்பு ஏறி வந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். அர்ஜுனன் அந்தச் சத்தத்துக்கு உருளையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஜனவரி மூன்றாம் வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். இரண்டு நாள் ஆறவைத்த பாய்லரைத் திறந்தார்கள். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவர் பாதி உடம்பை உள்ளே நுழைத்தார். சுத்தியலால் குழாய் குழாயாகத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் அர்ஜுனனின் தோள் துள்ளியது. பாஞ்சாலை கூடையை முதுகில் மாட்டியபடி மலைக்குப் போகாமல் வாசலில் நின்றாள். கிராணி அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். முனை வெளியே தெரிந்தது. இன்ஸ்பெக்டர் வெளியே வந்து விரலைக் காட்டினார். திருநீறு தொட்டது போல ஒரு மெல்லிய தூள், கைக்குட்டையில் துடைத்ததும் போய்விட்டது. சுத்தமாக இருக்கிறது என்று மலாயில் சொல்லிவிட்டு, யார் பாய்லர்காரன் என்று கேட்டார்.

அர்ஜுனன் கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அந்த மாதமே துரை அவன் பெயருக்கு முன்னாலிருந்த தற்காலிகத்தை எடுத்துவிட்டார். கிராணி அந்தத் தாளை அவனிடமே கொடுத்தார். அதை அவன் உலையில் போட்டான். அலுவலகத்திலிருந்து திரும்பி வந்த குழாய்த் துண்டு மட்டும் இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்ட பிறகும் அவன் ஏன் உட்காரமாட்டேன் என்கிறான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தப் பதினாறு நாளும் ஒருநாள்கூடப் பொய் சொல்லாத என் சோப்பை நம்பியிருந்தால் அவன் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

இதுவரை வாசித்துக் காட்டினேன். வாசலில் அர்ஜுனனைக் காணோம். பாஞ்சாலை பட்டாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், ஒம்பதாம் நாளு நீங்க கொண்டுவந்தது சோப்பு இல்ல. சலவைத் தூளு. தூளு எந்தத் தண்ணியிலயும் நுரைக்கும்லா. லைன் பைப்புல நிக்கிற எல்லாருக்கும் தெரியும், அதனாலதானே எழுபத்தெட்டுலயே நாங்க தூளுக்கு மாறினோம். உங்க துணி டோபிகிட்ட போவும், நீங்க எங்க பாத்தீங்க."

அப்படியானால் கழுவ வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"அவரு உங்க புட்டிய மட்டும் நம்பல. அந்த டின்னுத் தண்ணியக் கொண்டாந்து தினம் பருப்பு போடச் சொல்லுவாரு. ஒம்பதாம் நாளு பருப்பு வேகல. ஓடிப்போயி உங்க புட்டிய மோந்து பாத்துட்டு வந்தாரு. டீச்சர் கையெழுத்து பலகையில இருக்கு, ஊர்ல யாருகிட்டயும் சொல்லாதன்னாரு. நானும் எட்டு வருசமா சொல்லல." கிண்ணத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அப்புறம், பொட்டாஸ் ஓடுனது பதினாறு நாளும் இல்ல, இருபத்தேழும் இல்ல. பதிமூணு. பருப்பு வச்சவ நானு, எனக்குத் தெரியாதா."